மாடு தின்னாத புல்

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் என் கணவர் ஜொனதன் கிணற்றடியில் குந்தியிருந்து, பள்ளிக்கூட மைதானத்தில் ஏறி இருந்து ஓட்டுகிற புல்வெட்டும் மெசினின் பின்னால் மாட்டுகிற பெரிய வலைப்பையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாட்களாகப் பைக்குள் புல் ஒழுங்காக ஏறவில்லை. குழாயைத் தடியால் குத்திப் பார்த்தார், அடைப்பு இல்லை. தகட்டைக் கழற்றித் தீட்டினார். வெட்டும் உயரத்தை ஒரு படி கூட்டினார். மாசிப் பனியின் ஈரம் காயும்வரை காத்திருந்து வெட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில்தான் பையின் வலைக்கண்களைச் செம்பாட்டுத் தூசி மெழுகினாற்போல் மூடியிருப்பதைக் கண்டுபிடித்தார்.

“காத்து வெளியிலை போனால்தானே நிமலி, புல்லு உள்ளுக்கை வரும்,” என்றார். “மூக்கடைச்ச ஆள் மூச்சு இழுத்த மாதிரித்தான் இவ்வளவு நாளும் ஓடியிருக்கு.”

கழுவிய பையைக் கொடியில், என் வெள்ளைச் சட்டைக்குப் பக்கத்தில் போட்டார். நான் குசினி யன்னலுக்குள்ளால் கத்தினேன்.

“இஞ்சேருங்கோ, அது நாளைக்குச் சேர்ச்சுக்குப் போடுற சட்டை. உந்தப் பையை எடுத்துக்கொண்டு போங்கோ!”

“இன்னும் காயேல்லையப்பா.”

“மெசினிலை மாட்டினால் தன்ரை பாட்டிலை காயும்.”

அவர் சிரித்துக்கொண்டு பையைச் சைக்கிள் கரியரில் கட்டினார். புறப்படும்போது மணி மூன்று ஐந்து.

மூன்றரைக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் தலையில் கல் பட்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். அன்று பின்னேரமே எங்கள் ஒரே மகன் தனுஷனைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. இருபத்திரண்டு வயது. தகப்பனின் உயரம், தகப்பனின் பாரம்.

அன்று காலை இருவரும் சண்டை பிடித்ததை ஒழுங்கை முழுக்கக் கேட்டிருந்தது. புல் வெட்ட உதவிக்கு வா என்று அவர் கூப்பிட்டார். “புல்லுவெட்டியின்ரை மகன் எண்ட பேர் எனக்கு வேண்டாம்” என்று இவன் கத்தினான். பின்னேரம் மைதானத்தில் தகப்பனுக்குப் பக்கத்தில் இவன் கையில் கல்லோடு நின்றதை மைதானக் குழுச் செயலாளர் ஏர்னெஸ்ட் கண்டிருக்கிறார். பொலிசுக்கு அதுவே போதுமாக இருந்தது. போதாததற்கு இவனே வாய் திறந்து ஒரு வசனம் சொன்னான். அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள்: “அப்பாவைக் கொன்றது நான்தான்.”

அந்த ஒரு வசனத்துக்கு மேல் எவரும் அவனிடமிருந்து ஒரு சொல்லையும் எடுக்க முடியவில்லை. நான் விளக்கமறியலுக்குப் போனேன். என் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்றுவிட்டான்.

*

எட்டாம் நாள் காலை கொக்குவிலில் எங்கள் படலைக்கு முன்னால் ஓர் ஓட்டோ நின்றது. முதலில் ஒரு வயிறு இறங்கியது. அதற்குப் பின்னால் ஓட்டோவை ஓட்டிவந்த றமேஸ் இறங்கினான்.

“வீடு இதுதான் அக்கா,” என்றான் உள்ளே பார்த்து. “எங்களைக் கண்டவுடனை அயல் முழுக்க யன்னல் சாத்துது.”

உள்ளே இருந்து இறங்கியவர் வல்வெட்டித்துறை மகாதேவி. காப்புறுதிக் கொம்பனி ஒன்றில் இருபத்தாறு வருடம் படகு விபத்துகளை விசாரித்தவர். கடலில் மூழ்கிவிட்டதாகச் சொன்ன படகுகளை வேறு கரைகளில், வேறு நிறத்தில் கண்டுபிடித்ததால் பலருக்குப் பிடிக்காதவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலையை விடவில்லை. பள்ளிக்கூட நூலகத்தில் என்னோடு வேலை செய்கிறவள்தான் அவரை அனுப்பியிருந்தாள்.

மகாதேவி கதிரையில் அமர முதலே தொடங்கினார்.

“தனுஷனை நேற்றுப் பாத்தனான். பத்து நிமிஷம் கேள்வி கேட்டன். ‘நான்தான்’ எண்டதைத் தவிர வேறை கதையில்லை. நான் எழும்பேக்கை மட்டும் அவன் ஒண்டு கேட்டவன்.”

“என்ன கேட்டவன்?”

“‘பை காஞ்சிருந்ததோ?’ எண்டு.”

மெசின் பையை அவர் அன்று கழுவியதைச் சொன்னேன். கொடியைப் பற்றிச் சொல்லவில்லை.

“காய முதல் ஏன் கொண்டு போனவர்?”

“தெரியாது,” என்றேன்.

மகாதேவி என்னைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்தார்.

“உங்களுக்கு என்ன வேணும் நிமலினி? வடிவாய்ச் சொல்லுங்கோ.”

“என்ரை பிள்ளை அதைச் செய்யேல்லை எண்டு வேணும்.”

“நான் நடந்ததைத்தான் தேடுவன். அது உங்களுக்குப் பிடிச்ச மாதிரி வரும் எண்டு இல்லை. விருப்பமில்லையெண்டால் இப்பவே சொல்லுங்கோ, றமேஸ் இன்னும் எஞ்சின் நிப்பாட்டேல்லை.”

“நிப்பாட்டிப்போட்டன் அக்கா,” என்றான் றமேஸ். “பெற்றோல் என்ன கிணத்துத் தண்ணியே?”

அப்போது படலையில் சைக்கிள் மணி கேட்டது. ஏர்னெஸ்ட் சேர். எழுபத்திரண்டு வயது. ஒருகாலத்தில் எனக்கே இங்கிலிஷ் இலக்கணம் படிப்பித்தவர். உடம்பில் எலும்பும் வெள்ளை உடுப்பும் மட்டுமே மிச்சம். முற்றத்துக்குள் வந்தார், இருக்கவில்லை.

“நிமலினி, கொட்டில் திறப்பைத் தாரும். மூண்டாம் தரம் கேக்கிறன்.”

மெசின் நிற்கும் கொட்டிலுக்கு ஜொனதன் தன் சொந்த ஆமைப்பூட்டைப் போட்டிருந்தார். அமத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு. அன்று பின்னேரம் பயிற்சிக்கு வந்த பெடியன்கள் மெசினைக் கொட்டிலுக்குள் தள்ளிவிட்டுப் பூட்டை அமத்திவிட்டார்கள். திறப்பு இறந்தவரின் சட்டைப்பையில் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து உடுப்புகளோடு என்னிடம் வந்து சேர்ந்தது.

“வழக்கு முடியட்டும் சேர்.”

“வழக்குக்கும் மெசினுக்கும் என்ன? கனடாவிலை இருக்கிற ஊர் ஆக்கள் குடுத்த மெசின். திருத்தக் குடுக்கவேணும். கொலைகாரன்ரை வீட்டிலை பள்ளிக்கூடத் திறப்புக் கிடக்கேலாது.”

“பூட்டு ஆற்றை?” என்று கேட்டார் மகாதேவி.

“நீங்கள் ஆர்?”

“படகு விபத்து விசாரிச்ச வல்வெட்டித்துறை மகாதேவி. பூட்டு ஜொனதன்ரை,” என்றேன்.

“அப்ப திறப்பு இவவுக்குத்தான் சொந்தம்,” என்றான் றமேஸ். “கொட்டில்தான் சேரின்ரை. சேர் கொட்டிலைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஒரு பக்கம் நானும் பிடிக்கிறன்.”

ஏர்னெஸ்ட் சேரின் கன்னம் துடித்தது. “வல்வெட்டித்துறை ஆக்களுக்கு மிஷன் வளவுக்குள்ளை என்ன வேலை?”

“கடலிலை வேலை குறைஞ்சு போச்சு சேர்,” என்றார் மகாதேவி. “உங்கடை களிசானிலை செயின் எண்ணெய் பட்டிருக்கு.”

அவர் குனிந்து பார்த்தார். வலது கால் விளிம்பு கறுத்திருந்தது. சைக்கிளைத் திருப்பினார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த வெள்ளைக் களிசானில் ஒரு புள்ளி அழுக்கை நான் கண்டதில்லை. அதை வாய்விட்டுச் சொன்னேன்.

“அது நல்ல தகவல்,” என்றார் மகாதேவி. “சரி, அண்டைக்கு வெட்டின புல்லு எங்கை?”

“பாலேஸ்வரி எடுத்திருப்பா. எப்பவும் அவவின்ரை மாட்டுக்குத்தான் போறது.”

“புல்லை ஆரும் விசாரிச்சவையோ?”

“புல்லையோ?” என்றேன்.

“பொலிசும் அப்பிடித்தான் நினைச்சிருக்கும்,” என்றான் றமேஸ். “ஏறுங்கோ.”

*

பாலேஸ்வரியின் வளவு மைதானத்து மதிலுக்குப் பின்னால். என்னைக் கண்டதும் சாணி வாளியை நிலத்தில் அடித்து வைத்தாள்.

“இஞ்சை ஏன் மிஸ் வந்தனீங்கள்? உங்கடை மனிசன் தங்கமான ஆள். அந்த ஆளுக்குப் பெத்துக் குடுத்தீங்களே ஒண்டை.”

மகாதேவி எனக்கு முன்னால் வந்து நின்றார்.

“பிள்ளையைப் பற்றிக் கேக்க வரேல்லை. புல்லைப் பற்றிக் கேக்க வந்தனாங்கள். சனிக்கிழமைப் புல்லு.”

“அதைப் பற்றிக் கதைக்காதையுங்கோ!” பாலேஸ்வரிக்கு இன்னும் கோபம் வந்தது. “மூண்டு சாக்கு. சுமந்து நாரி முறிஞ்சுது. மாடு மணந்து பாத்திட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டுது. ஒரு வாய் தின்னேல்லை.”

“ஏன்?”

“ஏனோ? மண். கல்லு. ஐஸ்பழத் தடியும் ஒண்டு கிடந்தது. ஜொனதன் அண்ணை தாற புல்லு அப்பிடியில்லை. சலிச்ச மா மாதிரி இருக்கும், கையிலை மண் ஒட்டாது. அவர் செத்த அண்டே புல்லும் பழுதாப் போச்சு.”

“ஆர் தந்தது?”

“ஏர்னெஸ்ட் சேர் ஆள் விட்டுக் கூப்பிட்டவர். நான் போகேக்கை அவர் தானே விறாண்டியாலை கூட்டிக் குவிச்சுக்கொண்டு நிண்டார். பாவம், அந்த வயசிலை. செத்தவனுக்குச் செய்யிற மரியாதை எண்டு நினைச்சன்.”

மகாதேவி மாட்டைப் பார்த்தார். மாடும் அவரைப் பார்த்தது.

“நல்ல சாட்சி,” என்றார். “ஆருக்கும் பயப்பிடாது.”

“கோட்டிலை சத்தியம் எடுப்பிக்கிறதுதான் கொஞ்சம் கஷ்டம்,” என்றான் றமேஸ்.

பாலேஸ்வரி சிரிக்கவில்லை. படலைவரை வந்து, நாங்கள் வெளியேறியதும் கொளுக்கியைப் போட்டாள்.

ஒழுங்கையில் மகாதேவி என்னிடம் திரும்பினார். “படகு எஞ்சின் எண்டால் எனக்கு நித்திரையிலும் தெரியும். இது தெரியாது. உங்கடை மனிசன் வீட்டிலை மெசினைப் பற்றிக் கதைக்கிறவரோ?”

“சாப்பிடேக்கை வேறை கதை இல்லை.”

“அப்ப சொல்லுங்கோ. ஜொனதன்ரை புல்லிலை ஏன் மண் இல்லை?”

இருபது வருடச் சோற்றுக் கோப்பைகளுக்கு மேலால் கேட்டதை நான் சொன்னேன். தகடு சுற்றும்போது எழும்பும் காற்றுத்தான் வெட்டிய புல்லைக் குழாய் வழியாகப் பைக்குள் தூக்குகிறது. புல் நிலத்தில் விழுவதே இல்லை. எஞ்சினை மெதுவாக ஓட்டினால் காற்று பலமிழந்து குழாய் அடைத்துக்கொள்ளும். ஈரப் புல்லும் அடைக்கும். பை நிரம்பினால் சத்தம் மாறும், இறங்கிக் கொட்டவேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தால் பைக்குள் விழுவது தனிப் புல்தான்.

“விறாண்டியாலை கூட்டினால்தான் மண் வரும்,” என்று நானே முடித்தேன். முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. “அண்டைக்குப் பை இல்லாமல் வெட்டியிருக்கினம்.”

“பை எங்கை இருந்தது?”

“எங்கடை வீட்டிலை. மூண்டு மணிக்குப் பிறகுதான் அவர் கொண்டு போனவர்.”

றமேஸ் முதல்முறையாகப் பகிடி விடவில்லை. “அப்ப அவர் மைதானத்துக்குள்ளை காலடி வைக்கேக்கை மெசின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்திருக்கு.”

“ஓடாது,” என்றேன். “பை மாட்டாட்டில் அந்த மெசின் நிண்டுபோம். பின்னுக்குச் சுவிச்சு ஒண்டு இருக்கு. குழாய் வாய் திறந்திருந்தால் கல்லுப் பறக்கும் எண்டு அப்பிடிச் செய்திருக்கு.”

மூவரும் நடுவழியில் நின்றோம்.

“அந்தத் திறப்பைக் கொண்டு வந்தனீங்களோ?” என்று கேட்டார் மகாதேவி.

*

கொட்டிலுக்குள் பெற்றோலும் காய்ந்த புல்லும் மணந்தன. மெசின் நின்றது. பை அதன் முதுகில் மாட்டியிருந்தது.

“தொடாதையுங்கோ. முதல் பாத்துச் சொல்லுங்கோ. அவர் மாட்டினது மாதிரி இருக்கோ?” என்றார் மகாதேவி.

இல்லை. பைக்கும் மெசினுக்கும் நடுவில் ஒரு விரல் அகலம் விலகியிருந்தது. அந்த இடைவெளி இருந்தால் புல் அதற்குள்ளால் சிந்தி வழியெல்லாம் கோடு போடும். “டக்” என்று கேட்கும்வரை அமத்தாமல் அவர் ஒருநாளும் ஏறமாட்டார். நான் பைக்குள் தலையை விட்டேன். ஒரு புல் இதழ் இல்லை. வலையில் பச்சைத் தூசி இல்லை. எங்கள் வீட்டுச் சவர்க்காரம் மணந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். வெளியே தலையை எடுத்தபோது றமேஸ் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இந்தப் பைக்குள்ளை புல்லுப் போகவே இல்லை,” என்றேன்.

“ஏதோ தடுக்கிறதாலைதான் முழுசாய்ப் பொருந்தேல்லை,” என்றார் மகாதேவி. “றமேஸ், மெதுவாய்த் தூக்கு.”

பை வந்தது. பின்புறத்துச் சுவிச்சின் சின்ன நாக்கை, பையின் இரும்புச் சட்டம் அமத்தவேண்டிய இடத்தில், வேறொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறை மாதிரி வளைந்த, தேய்ந்த உருக்குப் பட்டி.

“உதென்ன வளையல்?” என்றான் றமேஸ்.

எனக்குத் தெரியும். கொக்குவிலில் அதைத் தெரியாத என் வயதுக்காரர் இல்லை. சைக்கிள் ஓடும்போது களிசான் விளிம்பு செயினில் படாமல் கணுக்காலோடு சேர்த்துக் கொளுவுகிற கிளிப். கடைகளில் அதை விற்று எத்தனையோ காலம். அதைப் போடுகிறவர் இப்போது ஒருவர்தான்.

“படம் எடு,” என்றார் மகாதேவி. “பொலிசுக்கும் சொல்லு. கிளிப்பிலை ஆரும் கை வைக்கக்கூடாது.”

“தேவையில்லை,” என்றது வாசலில் ஒரு குரல். “அது என்ரைதான்.”

ஏர்னெஸ்ட் சேர் வெயிலில் நின்றார். கந்தோர் யன்னலில் இருந்து கொட்டில் திறந்ததைக் கண்டிருப்பார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தார்.

“அஞ்சு மணிக்குக் கனடா ஆக்கள் தேத்தண்ணிக்கு வாறதாய் இருந்தது,” என்றார், வகுப்பில் சொல்வது மாதிரி. “அரைவாசி மைதானம் வெட்டாமல் கிடந்தது. உம்மடை மனிசன் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டை போயிட்டார். நான் சுவிச்சைக் கொளுவினனான். அது குற்றமெண்டால் குற்றம்.”

“பை இல்லாமல் ஓடிக் கல்லுப் பறந்து மனிசன் செத்துப்போனார்,” என்றார் மகாதேவி. “பிறகு, அவர் கொண்டு வந்த பையையே மெசினிலை மாட்டினனீங்கள். புல்லைக் கூட்டி அள்ளினனீங்கள். பெடியனைக் காட்டிக் குடுத்தனீங்கள். கிளிப்பை எடுக்க மட்டும் மறந்துபோனியள். அது நினைவு வரேக்கை கொட்டில் பூட்டிக் கிடந்தது. இவ்வளவும் செய்தது, ஓட்டினது நீங்கள் எண்டபடியால்தானே?”

எட்டு நாளாக நான் வேண்டிக்கொண்டிருந்த வசனம் அதுதான்.

ஏர்னெஸ்ட் சேர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் வெறுக்கிறேன்.

“நீர் படகு எஞ்சின் படிச்சனீர், அம்மா. இதைப் படிக்கேல்லை. உந்த ஆளை ஏறி ஓடச் சொல்லும்.”

மகாதேவி தலையசைத்தார். றமேஸ் ஏறினான். எஞ்சின் பிடித்தது. மெசினைக் கொட்டிலுக்கு வெளியே எடுத்து, நாங்கள் எல்லாரும் ஒரு பக்கமாய் விலகிய பிறகு தகட்டைக் கொளுவி, வாய்க்கால் மேட்டில் ஏற்றி இறக்கினான். எஞ்சின் ஒருமுறைகூடத் தடக்கவில்லை.

“இப்ப நான்.”

அவர் ஏறினார். மெசின் சீற்றின் மேல் ஒரு கைக்குட்டையை வைத்தது போல் இருந்தார். தகட்டைக் கொளுவினார். மேட்டில் முன் சில்லு ஏறியது. எஞ்சின் செத்தது. மறுபடி பிடித்தார். மறுபடி செத்தது. மூன்றாம் முறையும் அப்படித்தான்.

அது ஏன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. சீற்றுக்குக் கீழேயும் ஒரு சுவிச்சு இருக்கிறது. தகடு சுற்றும்போது ஆள் எழும்பினால் எஞ்சின் நிற்பதற்கு. பாரம் குறைந்தவர் ஒரு குழியில் துள்ளினாலே ஆள் இறங்கிவிட்டதென்று மெசின் நினைத்துக்கொள்ளும். இதையும் நான் சோற்றுக்கு மேலால்தான் கேட்டிருந்தேன்.

“நாப்பத்தாறு கிலோ,” என்றார் ஏர்னெஸ்ட் சேர் இறங்கியபடி. “மெசின் வந்த முதல் நாளே ஏறிப் பாத்தனான். இது என்னை ஏத்தாது. இப்ப சொல்லும் நிமலினி. உம்மடை மனிசன்ரை பாரத்திலை இந்த வளவிலை வேறை ஆர் இருக்கிறான்?”

றமேஸ் தன் வயிற்றைக் கையால் மறைத்துக்கொண்டு கீழே பார்த்தான்.

“எப்பிடி ஏறினவன்?” என்று கேட்டது நான்தான். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

“தானாய் வந்தவன். காலமை கதைச்சது பிழை எண்டான். அப்பா வரமுதல் வெட்டி முடிச்சு வைக்கப்போறன் எண்டான். பை இல்லை எண்டவுடனை இறங்கினவன். பை இல்லாமல் ஏறக்கூடாதெண்டு அப்பா சொன்னவர் எண்டவன்.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

அவர் முதன்முறையாக என்னைப் பார்க்காமல் பேசினார். “நான் சொல்லுறன், ஏறு எண்டன்.”

ஜொனதன் பின்பக்கமாக, பையை உயர்த்திக் காட்டிக்கொண்டு, நிப்பாட்டு என்று கத்திக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். எஞ்சின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. மதில் திருத்தியபோது சிந்திய கல் ஒன்று திறந்த குழாய் வாயால் பறந்தது. அவன் திரும்பிப் பார்த்து, ஓடிப்போய், எது பட்டதென்று பார்க்கக் கல்லைக் கையில் எடுத்திருக்கிறான்.

“இதையெல்லாம் பொலிசுக்கு ஏன் சொல்லேல்லை?” என்றார் மகாதேவி.

“ஒருவரும் கேக்கேல்லை. நான் பொய் சொல்லேல்லை. கையிலை கல்லு இருந்தது, கண்டன். காலமை சண்டை பிடிச்சவை. அதை ஊரே கேட்டது.”

“நாப்பது வருஷம் இலக்கணம் படிப்பிச்சனீங்கள்,” என்றான் றமேஸ். “பொய்யே இல்லாமல் ஒரு பெடியனைக் கொலைகாரன் ஆக்கியிருக்கிறியள் சேர். நல்லாய்த்தான் படிப்பிச்சிருக்கிறியள்.”

ஏர்னெஸ்ட் சேர் அவனை அடிக்கக் கை ஓங்கினார். மகாதேவி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். அவ்வளவு மெதுவாக அதைச் செய்ததுதான் சேருக்குக் கூடுதலாய் வலித்திருக்கும்.

பொலிஸ் வரும்வரை நால்வரும் வெயிலில் நின்றோம். நிழலுக்குக் கொட்டிலுக்குள் போக ஒருவரும் விரும்பவில்லை.

“அப்ப அவன் சொன்னது உண்மை,” என்றேன் மகாதேவியிடம்.

“ஓம். நீங்கள் கேட்டதை என்னாலை தரேலாமல் போச்சு. ஆனால் அவன் எறியேல்லை. அந்த வித்தியாசத்தை அவன் தன்ரை வாயாலை சொல்லவேணும். கிளிப்பும் மாடும் அரைவாசித் தூரம்தான் கொண்டு போகும். இவர் நாளைக்குக் கதையை மாத்துவார். அவன் சொல்லாட்டில் வழக்கு அப்பிடியே நிக்கும்.”

“அவன் சொல்லமாட்டான்.”

“பை காஞ்சிருந்ததோ எண்டு ஏன் கேட்டவன் எண்டு நினைக்கிறியள்? காயுமட்டும் அப்பா நிண்டிருந்தால் அவன் வெட்டி முடிச்சிருப்பான். அவர் ஏன் கெதியாய் வந்தவர் எண்டு அவனுக்குத் தெரியவேணும். அதுக்கு மறுமொழி என்னட்டை இல்லை.” மகாதேவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “உங்களிட்டையும் இல்லையெண்டு காலமை சொன்னனீங்கள்.”

*

அடுத்த நாள் விளக்கமறியலில் தனுஷன் வழக்கம்போல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று நான் சொன்னேன்.

“பை ஈரம் தம்பி. பொட்டுக்கூடக் காயேல்லை. நான்தான் அப்பாவைக் கலைச்சனான்.”

அவன் திரும்பவில்லை.

“என்ரை சட்டைக்குப் பக்கத்திலை போட்டிட்டார் எண்டு ஏசினனான். காயேல்லையப்பா எண்டவர். எடுத்துக்கொண்டு போங்கோ எண்டன். ஒரு மணித்தியாலம் அந்தக் கொடியிலை கிடந்திருந்தால் அவர் நாலு மணிக்குத்தான் வந்திருப்பார்.”

காவலர் நேரம் முடிந்ததென்று சொன்னார். நான் கம்பியை விடவில்லை.

“ஏர்னெஸ்ட் சேர் தன்ரை பங்கைச் சொல்லாமல் வைச்சிருந்தவர். நானும் என்ரை பங்கைச் சொல்லாமல் வைச்சிருந்தனான். நீ ஒருத்தன்தான் சொன்னனி. அதையும் அரைவாசிதான் சொன்னனி. மிச்சத்தையும் சொல்லு. எனக்காக இல்லை. கல்லெறிஞ்சு கொலை செய்தவன்ரை தகப்பன் எண்டு அப்பா மண்ணுக்குள்ளை கிடக்கக்கூடாது.”

அவன் திரும்பினான். எட்டு நாளுக்குப் பிறகு அவன் முகத்தைப் பார்த்தேன். மீசைக்குக் கீழே உதடு வெடித்திருந்தது.

“உங்கடை சட்டைக்கு ஒண்டும் ஆகேல்லையோ அம்மா?” என்று கேட்டான். பிறகு, ஐந்து வயதுப் பிள்ளை மாதிரி, அவ்வளவு சத்தமாக அழுதான். பக்கத்தில் நின்ற மற்றக் கைதிகள் விலகி இடம் விட்டார்கள்.

அன்று பின்னேரமே வாக்குமூலம் கொடுத்தான். வழக்கின் பெயர் கொலையிலிருந்து கவனயீனத்தால் வந்த மரணம் என்று மாறியது. மகாதேவி சொன்னபடியே ஏர்னெஸ்ட் சேர் இரண்டு தடவை கதையை மாற்றினார். இரண்டு தடவையும் கிளிப் இடத்தை மாற்றவில்லை. அவருக்கு என்ன கிடைக்கும் என்பதை நீதிமன்றம் இன்னும் முடிவு செய்யவில்லை. ஊர் எங்களோடு கதைக்கத் தொடங்கவில்லை. முன்பு எறிந்தவன் என்று சொன்னவர்கள் இப்போது ஓட்டினவன் என்கிறார்கள். அதே யன்னல்களைத்தான் சாத்துகிறார்கள். பாலேஸ்வரி மட்டும் ஒருநாள் பாலை எங்கள் மதிலின் மேல் வைத்துவிட்டு, என்னைப் பாராமல் போனாள்.

பிணையில் வந்த தனுஷன் அதிகம் கதைப்பதில்லை. சாப்பாட்டு மேசையில் இருவரும் மெசினைப் பற்றியோ வேறெதைப் பற்றியோ பேசாமல் எழும்பிவிடுகிறோம். மத்தியானங்களில் முன் விறாந்தையில் பாயைப் போட்டுப் படுக்கிறான். நான் நூலகத்தால் வரும்போது நித்திரையாய் இருப்பான். அவனைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும்.

இடப்பக்கம் சரிந்து, இடது கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்துத்தான் படுத்திருப்பான். பிறந்த மூன்றாம் நாளிலிருந்து, ஊர் என்ன பெயர் வைத்தாலும், என் பிள்ளை அப்படித்தான்.